காட்சி மலைக்க வைக்கிறது, நடிப்பு கைவிடுகிறது: வாசகர் கேள்வி பதில்

ஜார்ஜ் லூகாஸ் இயக்கி 2002ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்: அட்டாக் ஆஃப் தி குளோன்ஸ்’ படத்தைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். ‘கண்ணுக்கு விருந்து, நடிப்பில் பஞ்சம்’ என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இம்மாதம் மிகுதி என்பதால், இந்தப் பக்கங்கள் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி (தஞ்சாவூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்): ஐயா, எங்கள் கல்லூரி இதழுக்கு நானும் உங்களைப் போலவே ‘காட்சிகள் அற்புதம், நடிப்பு சுமார்’ என்று எழுதிக் கொடுத்தேன். இது தீர்ப்பு, விமர்சனம் ஆகாது என்று சொல்லிப் பேராசிரியர் திருப்பித் தந்துவிட்டார். அப்படியானால் இத்தகைய படத்தைப் பற்றி எப்படித்தான் எழுதுவது?

பதில்: உங்கள் பேராசிரியர் சொன்னது சரி. அது என்னுடைய வரிக்கும் பொருந்தும் என்பதால், இந்தப் பதிலை அந்த வரிக்கான திருத்தமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ‘அற்புதம்’ என்ற சொல்லைப் பார்ப்போம். எது அற்புதம், எப்படி அற்புதம் என்று சொல்லாதவரை அந்தச் சொல்லால் வாசகருக்குப் பயன் இல்லை. இந்தப் படத்தில் மழை ஓயாத, கடல் சூழ்ந்த கோள் ஒன்று வருகிறது. கறுத்த அலைகளுக்கு மேலே தூண்களில் நிற்கும் நகரத்துக்குள் நுழைந்ததும், நிழலே விழாத வெள்ளை அறைகளும் அவற்றுக்கு அப்பால் வரிசை வரிசையாக வளர்க்கப்படும் போர்வீரர்களும் தென்படுகிறார்கள். வெளியில் இயற்கையின் கொந்தளிப்பு, உள்ளே மனிதரை உற்பத்திப் பொருளாக்கிய ஒழுங்கு என்று அந்தக் கோளின் அறநிலையை வசனம் தொடங்கும் முன்பே வண்ணமும் வெளிச்சமும் சொல்லிவிடுகின்றன. ஒரே மனிதனின் நகல்களான அந்தக் குளோன் வீரர்களுக்காக ஒரு கவசம்கூட உண்மையில் செய்யப்படவில்லை. படத்தில் நாம் காணும் கவச வீரர்கள் அத்தனை பேரும் கணினியில் பிறந்தவர்கள். விண்கற்களுக்கிடையே நடக்கும் துரத்தலில் வெடிகுண்டு ஒன்று வெடிக்கும்போது எல்லா ஒலியும் ஒரு கணம் அற்றுப்போய், அதன் பிறகே அந்த அதிர்வு செவியில் விழுகிறது. ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் அந்தக் கண நேர மௌனத்தால் விண்வெளியின் அகலத்தையே உணர வைக்கிறார். இவற்றை இப்படி எடுத்துச் சொன்னால் ‘அற்புதம்’ என்ற சொல்லை நீங்கள் எழுத வேண்டிய தேவையே இராது.

நடிப்பைப் பற்றி எழுதும்போதும் இதே உழைப்பு வேண்டும். காட்சியமைப்பைப் பற்றி மூன்று பத்தி எழுதும் நம்மில் பலர், நடிப்பு என்று வந்தவுடன் ‘சுமார்’, ‘பரவாயில்லை’, ‘ஒட்டவில்லை’ என்று ஒற்றைச் சொல்லில் நிறுத்திவிடுகிறோம். எந்தக் காட்சியில் ஒட்டவில்லை? வசனம் பேசும்போதா, மற்றவர் பேசுவதைக் கேட்கும்போதா? குரலில் ஏற்ற இறக்கம் இல்லையா, அல்லது முகம் ஒன்று சொல்ல, குரல் வேறொன்று சொல்கிறதா? இந்தப் படத்தின் நாயகனாக வரும் ஹேடன் கிறிஸ்டென்சன், தன் தாய் தன் மடியில் உயிர்விடும் காட்சியில் ஏறக்குறைய ஒன்றும் பேசுவதில்லை. துயரம் சினமாகத் திரளும் அந்தச் சில வினாடிகளில் அவருடைய முகம் செய்யும் வேலையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. காதலியோடு தனித்திருக்கும் காட்சிகளிலோ அதே முகம் இறுகி, மனப்பாடம் செய்த பாடத்தை ஒப்பிப்பது போலக் குரல் ஒரே தளத்தில் செல்கிறது. அப்படியிருக்க, ‘நடிப்பில் பஞ்சம்’ என்று படம் முழுமைக்கும் நான் எழுதியது அவருக்கு இழைத்த அநீதி. ‘பேசும்போது தோற்கிறார், பேசாதபோது வெல்கிறார்’ என்று எழுதியிருந்தால் அது உண்மைக்கு நெருக்கமாக இருந்திருக்கும். ஏன் அப்படி நேர்ந்தது என்ற அடுத்த கேள்விக்கும் அது வழி திறந்திருக்கும்.

காட்சியையும் நடிப்பையும் இரண்டு தனித்தனிக் கணக்குகளாக வைத்துக்கொண்டு, ஒன்றில் வரவும் மற்றொன்றில் செலவும் எழுதுவது இத்தகைய படங்களைப் பற்றி எழுதுவோர் செய்யும் பெரிய பிழை என்று கருதுகிறேன். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக மருட்கையை, அதாவது வியப்பை, சொல்கிறது. அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கிலிருந்து பிறக்கும் என்கிறது. முன்பு கண்டிராதது, அளவிறந்து பெரியது, நுணுகிச் சிறியது, ஒன்று மற்றொன்றாக மாறுவது ஆகிய இந்நான்கையும் விட்டால் அறிவியல் புனைகதைப் படத்தின் வரைகலைக் குழுவுக்குச் செய்வதற்கு வேறு என்ன இருக்கிறது? ஆனால் இவை வியப்பின் நிலைக்களன்கள் மட்டுமே. வியப்பு ஓர் உடலில் வெளிப்படும்போதுதான் அது மெய்ப்பாடு ஆகிறது. மெய்யில் படுவது என்பதே அந்தச் சொல்லின் பொருள். திரையில் ஆயிரம் அடி உயரக் கோபுரம் எழலாம். அதை அண்ணாந்து பார்க்கும் பாத்திரத்தின் கண்ணில் அந்த உயரம் தெரியாவிட்டால், நமக்கும் அது நன்றாக வரையப்பட்ட படமாகவே நின்றுவிடும். ஆகவே பலவீனமான நடிப்பு தனியொரு குறையாக ஒதுங்கி நிற்பதில்லை. பல நூறு கலைஞர்கள் உழைத்து உருவாக்கிய காட்சியின் அளவையும் அது குறைத்துவிடுகிறது. உங்கள் விமர்சனத்தில் நீங்கள் தேட வேண்டிய இடம் இவ்விரண்டும் சந்திக்கும் இடம்.

கேள்வி (திருநெல்வேலியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்): எதிரில் ஆளும் இல்லாமல் பொருளும் இல்லாமல் பின்னணியைப் பிறகு கணினியில் சேர்ப்பதற்காக வைக்கும் வெறும் நீலத்திரையைப் பார்த்து நடிக்கச் சொன்னால் எந்த நடிகர்தான் என்ன செய்வார்? நடிகர்களைக் குறை சொல்வதற்குப் பதிலாகத் தொழில்நுட்பத்தை அல்லவா நீங்கள் குறை சொல்லியிருக்க வேண்டும்?

பதில்: அம்மா, உங்கள் கேள்வியில் உள்ள பரிவு எனக்குப் புரிகிறது, அதில் பாதி நியாயமும் இருக்கிறது. எதிரில் ஒருவர் இருந்து நம்மைப் பார்க்கும்போது நம் குரல் தானாகவே அவரை நோக்கி வளைந்து கொடுக்கிறது. அந்த உதவியை நீலத்திரை பறித்துவிடுகிறது. பழைய ஸ்டார் வார்ஸ் படங்களுக்கு முன்கதையாக லூகாஸ் எடுத்த இந்த வரிசைப் படங்களில் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒரே சட்டகத்தில் நிற்கும் இருவரில் ஒருவரை ஒரு டேக்கிலிருந்தும் மற்றவரை வேறொரு டேக்கிலிருந்தும் எடுத்துப் படத்தொகுப்பில் இணைத்துவிடுவார்கள். அப்போது ஒருவர் சொன்னதற்கு மற்றவர் அந்தக் கணத்தில் காட்டிய எதிர்வினை நமக்குக் கிடைக்காமலே போகலாம்.

ஆயினும் இந்த விளக்கத்தை முழுமையாக ஏற்க என்னைத் தடுப்பது ஒரு காட்சி. நாயகன் தனக்கு மணலே பிடிக்காது என்று காதலியிடம் சொல்லும் அந்தக் காட்சிதான் உலகெங்கும் மிக அதிகமாகக் கேலி செய்யப்பட்டது. அது வடக்கு இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் உள்ள பால்பியானெல்லோ மாளிகையில் எடுக்கப்பட்டது. உண்மையான கல் மாடமும் உண்மையான ஏரியும் உண்மையான வெயிலும் அங்கே இருந்தன. எதிரில் நின்றவர் நேட்டலி போர்ட்மன். 2000ஆம் ஆண்டு கோடையில் படப்பிடிப்பு தொடங்கிய வேளையில் இருவருக்கும் 19 வயது. காதல் காட்சிக்கு இதைவிட உகந்த சூழல் கிடைக்காது. அப்படியிருந்தும் அது தோற்றது என்றால், பழியை நீலத்திரையின் மீது போட முடியாது.

அந்த வசனத்தின் கருவைப் பாருங்கள். பாலைக்கோள் ஒன்றில் அடிமையாக வளர்ந்து, தாயை அங்கேயே விட்டுவிட்டு வந்த ஒருவனுக்கு மணல் என்பது அடிமைத்தனத்தின் நினைவு. மிக நல்ல கரு அது. ஆனால் எழுதப்பட்ட வசனமோ மணலின் சொரசொரப்பை விவரித்துவிட்டு, உடனே காதலியின் மென்மைக்குத் தாவுகிறது. நடுவில் இருக்க வேண்டிய வலியை நடிகர் சேர்த்துக்கொள்ள அதில் இடமே இல்லை. அமெரிக்காவில் மோசமான படங்களுக்கென்று வழங்கப்படும் கோல்டன் ராஸ்பெர்ரி விருதுகளில் கிறிஸ்டென்சனுக்குக் கிடைத்ததைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். லூகாஸும் ஜோனதன் ஹேல்ஸும் எழுதிய திரைக்கதைக்கும் அதே விருது கிடைத்ததை நாம் மறந்துவிடுகிறோம். அடுத்த ஆண்டே கிறிஸ்டென்சன் ‘ஷட்டர்டு கிளாஸ்’ படத்தில், கற்பனைச் செய்திகளை உண்மையென எழுதிய பத்திரிகையாளராக நடித்துப் பாராட்டுப் பெற்றார். போர்ட்மன் பின்னர் ‘பிளாக் ஸ்வான்’ படத்துக்காக ஆஸ்கர் விருதே வாங்கினார். திறமை இல்லாதவர்கள் என்று அவர்களை ஒதுக்கிவிட இயலாது.

இதே படத்தில் ஈவன் மெக்ரெகர், பின்னர் கணினியில் உருவாக்கப்பட்ட நெடிய உருவங்களோடு உரையாடும் காட்சிகளில் நம்பும்படியாகவே நடிக்கிறார். அந்தப் பாத்திரத்துக்கு ஒரு நோக்கம் இருக்கிறது: தனக்கு ஒன்றும் தெரியாது என்பதை வெளியில் காட்டிக்கொள்ளாமல் செய்தி கறக்க வேண்டும். தொடர்ந்து அவர், குளோன் வீரர்களுக்கு மூலமான மனிதனாக வரும் டெமுவெரா மாரிசனைச் சந்திக்கும் அறைக்காட்சியில், இருவரும் நயமாகப் பேசிக்கொண்டே ஒருவரை ஒருவர் எடை போடுவதைப் பாருங்கள். படத்தின் எந்தப் போர்க்களத்தையும்விட அந்தச் சிறிய அறையில் இறுக்கம் அதிகம். நடிகருக்குச் செய்வதற்கு ஒரு செயல் கொடுக்கப்பட்டால், எதிரில் ஆள் இல்லாத குறையையும் அவரால் ஓரளவு தாண்ட முடிகிறது.

நியூசிலாந்தில் எடுக்கப்பட்ட, ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ வரிசையின் ‘தி டூ டவர்ஸ்’ படமும் அதே 2002ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் கோலம் என்னும் பாத்திரமும் கணினி உருவம்தான். ஆனால் ஆண்டி செர்கிஸ் என்ற நடிகர் படப்பிடிப்புத் தளத்துக்கே வந்து, உடன் நடித்த இரு நடிகர்களோடு உருண்டு புரண்டு அந்தப் பாத்திரத்தை நடித்துக் கொடுத்தார். கணினிக் கலைஞர்கள் அதன் மேல் தங்கள் வேலையைச் செய்தார்கள். காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் போட்டியில் அவ்வாண்டு இவ்விரு படங்களும் எதிரெதிரே நின்றபோது, விருது ‘தி டூ டவர்ஸ்’ படத்துக்கே போனது. ஆகவே, அம்மா, தொழில்நுட்பத்தைக் கையாண்ட முறையையும் எழுத்தையும் இயக்கத்தையும்தான் நான் குறை சொல்வேன். தொழில்நுட்பத்தின் மீது எனக்கு எந்த வழக்கும் இல்லை.

கேள்வி (யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்): ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்திலும் விண்வெளி வீரர்கள் மரம் போலத்தானே பேசுகிறார்கள்? அதை மாத்திரம் காவியம் என்று கொண்டாடுவது என்ன நியாயம்?

பதில்: மிக நல்ல கேள்வி. கொழும்பில் பல்லாண்டுகள் வாழ்ந்து 2008ஆம் ஆண்டு அங்கேயே மறைந்த ஆர்தர் சி. கிளார்க் இணைந்து எழுதிய திரைக்கதை அது என்பதால், இதைக் கேட்க உங்கள் நாட்டவருக்குத் தனி உரிமையும் உண்டு.

1968ஆம் ஆண்டில் வந்த அந்தப் படத்தின் முதல் 25 நிமிட அளவுக்கு மனிதப் பேச்சே கிடையாது. பேச்சு தொடங்கிய பிறகும் அது சம்பிரதாயமான உபசார வார்த்தைகளாகவே இருக்கிறது. வீரர் ஒருவருக்குப் பெற்றோர் பூமியிலிருந்து பிறந்தநாள் வாழ்த்து அனுப்பும்போது, அவர் எந்தச் சலனமும் இன்றிப் படுத்தபடி அதைப் பார்க்கிறார். அதே கலத்தை இயக்கும் ஹால் என்னும் கணினியோ, தன் நினைவு ஒவ்வொன்றாக அணைக்கப்படும்போது தனக்கு அச்சமாக இருக்கிறது என்று கெஞ்சுகிறது. அந்தக் குரலைத் தந்த கனடா நாட்டு நடிகர் டக்ளஸ் ரெய்ன் ஒருமுறைகூடக் குரலை உயர்த்துவதில்லை. ஆனாலும் படத்தில் நம் நெஞ்சைப் பிசையும் மரணம் அந்த இயந்திரத்தின் மரணம்தான். மனிதர் இயந்திரமாகவும் இயந்திரம் மனிதராகவும் இடம் மாறுவதைக் காட்டவே மனிதரின் உணர்ச்சி வற்ற வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே வறட்சிக்குக் கதையில் வேலை இருக்கிறது.

லூகாஸின் படம் கேட்பதோ வேறு. காதலும் தாய்ப்பாசமும் ஒருவனை எப்படித் தீமையின் பக்கம் தள்ளின என்பதே அதன் கதை. அந்தக் காதலை நாம் நம்பவில்லை என்றால், அடுத்து வரப்போகும் வீழ்ச்சிக்கு அடிப்படையே இல்லாமல் போகிறது. நடிப்பு சலனமற்று இருக்கிறது என்று குறிப்பதோடு நிற்காமல், படம் அந்தச் சலனமின்மையைக் கேட்கிறதா என்று பார்த்த பிறகே குறை என்றோ நிறை என்றோ சொல்ல வேண்டும்.

கேள்வி (ஓசூரிலிருந்து ஒரு வாசகர்): நான் ஆங்கிலப் படங்களைத் தமிழ் டப்பிங்கில்தான் பார்க்கிறேன். அப்படிப் பார்ப்பவருக்கு நடிப்பைப் பற்றி எழுதத் தகுதி உண்டா?

பதில்: உண்டு, ஆனால் எதைப் பார்த்தீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டப்பிங்கில் நீங்கள் கேட்பது வேறொரு கலைஞரின் குரல். அது நன்றாக இருந்தாலும் மோசமாக இருந்தாலும் திரையில் தெரியும் நடிகரின் கணக்கில் சேர்க்க முடியாது. இந்தத் தொடரின் புகழ்பெற்ற வில்லன் டார்த் வேடரே 1977ஆம் ஆண்டு முதல் படத்திலேயே, கவசத்துக்குள் டேவிட் பிரவுஸின் உடலும் ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸின் குரலுமாக உருவானவர்தான். உடலும் குரலும் இருவேறு மனிதருடையவையாக இருந்தும் ஒரு பாத்திரம் உயிர் பெறலாம் என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை. டப்பிங்கில் பார்ப்பவர் கவனிக்கத் தக்கவை நிறைய இருக்கின்றன: மற்றவர் பேசும்போது இவர் கண்கள் எங்கே செல்கின்றன, பேசுவதற்கு முன் மூச்சு எப்படி மாறுகிறது, கைகள் என்ன செய்கின்றன. சொல்லப்போனால், வசனத்தின் மயக்கம் இல்லாமல் உடலை மட்டும் பார்க்கும் வாய்ப்பு அவருக்கே அதிகம்.

கேள்வி (விழுப்புரத்திலிருந்து ஒரு வாசகர்): சுற்றி வளைக்காமல் ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று சொல்லுங்கள்.

பதில்: காட்சிக்கு ஐந்தும் காதலுக்கு ஒன்றும் கொடுத்துச் சராசரி மூன்று என்று எழுதினால், அந்த மூன்று படத்தின் எந்தக் காட்சியையும் குறிக்காது. அதனால் நட்சத்திரம் தருவதில்லை.

கேள்வி (கோயம்புத்தூரிலிருந்து ஒரு தாய்): என் 12 வயது மகனுக்கு இந்தப் படம் உயிர். நீங்கள் எழுதிய வரியைப் படித்துக் காட்டியபோது அவன் முகம் வாடிவிட்டது. நாங்கள் இருவரும் சேர்ந்து பார்க்கும்போது, அவன் மகிழ்ச்சியைக் கெடுக்காமல் நடிப்பைக் கவனிக்க எப்படிச் சொல்லித் தருவது?

பதில்: அவன் முகம் வாடியதற்கு நான் வருந்துகிறேன். மழைக்கோளையும் விண்கல் துரத்தலையும் கண்டு அவன் அடையும் வியப்பு முற்றிலும் உண்மையானது. அதை அவனிடமிருந்து எடுத்துவிட எந்த விமர்சகருக்கும் உரிமை இல்லை. குறைகளைச் சுட்டிக்காட்ட வேண்டாம். இந்தத் தொடரில் குள்ள உருவ முதிய குருவாக வரும் யோடாவின் இரண்டு வடிவங்களை மட்டும் அடுத்தடுத்துக் காட்டுங்கள்.

2002ஆம் ஆண்டுப் படத்தின் இறுதியில் யோடா முழுக்கக் கணினி உருவமாக வந்து, வாளைச் சுழற்றிப் பாய்ந்து பாய்ந்து சண்டையிடும். அவன் கைதட்டுவான், தட்டட்டும். பிறகு, இர்வின் கெர்ஷ்னர் இயக்கிய 1980ஆம் ஆண்டுப் படமான ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’கில், சேற்றில் அமிழ்ந்த விண்கலத்தை யோடா மனவலிமையால் தூக்கிக் கரையில் வைக்கும் காட்சியைப் போடுங்கள். அங்கே யோடா என்பது ஃபிராங்க் ஆஸ் கைகளால் இயக்கிக் குரல் கொடுத்த ஒரு பொம்மை. அது பாய்வதில்லை, கண்ணை மூடிக் கையை நீட்டுகிறது, அவ்வளவுதான். கலம் எழும்பும்போது கலத்தைப் பார்க்க வேண்டாம், அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மார்க் ஹாமிலின் முகத்தைப் பார் என்று மட்டும் மகனிடம் சொல்லுங்கள். அவர் கலத்தை நெருங்கிச் சென்று, அது மெய்தானா என்று சுற்றிப் பார்த்துவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்து, தன்னால் நம்ப முடியவில்லை என்கிறார். அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, எந்த யோடா பெரியவர் என்று அவனிடமே கேளுங்கள். அவன் என்ன சொன்னான் என்று எனக்கும் எழுதி அனுப்புங்கள்.